பாலம் கடந்து வந்த சிறுவர் பக்கம்

மலேசியத் தமிழ்ச் சிறுவர் இலக்கிய வரலாற்றை நூற்பட்டியல்களை மட்டும் கொண்டு எழுத முற்பட்டால், அதன் முற்பகுதி வறியதாகவே தோன்றும். அக்காலத்தில் புதிய எழுத்து சிறுவரை அடைந்தது பெரும்பாலும் நூல்வழியன்று, நாளிதழ்வழி.

1935இல் சிங்கப்பூரில் தோன்றிய தமிழ் முரசு, கோ. சாரங்கபாணியின் பொறுப்பில் 1950களில் மாணவர் மணிமன்ற மலரை வழங்கியது. 1924 முதல் கடற்பாலத்தால் சிங்கப்பூரோடு இணைந்திருந்த ஜொகூருக்கு அது அண்டை வீட்டு இதழ். மாணவர் அதனைப் படித்ததோடு நில்லாது, எழுதியும் அனுப்பினர். தன் பெயரை அச்சிற் கண்ட சிறுவனுக்கு, எழுத்தாளர் என்போர் தமிழகத்தில் மட்டுமே வாழ்பவர் அல்லர் என்பது விளங்கியிருக்கும். அவ்வாசகர் வட்டமே பின்னர் மணிமன்ற இயக்கமாக வளர்ந்தது.

சென்னையில் 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக முன்னின்ற அழ. வள்ளியப்பாவின் பாடல்களை நம் பள்ளிகளும் பாடின. அவற்றின் இனிமையில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் பால்மரக்காட்டின் விடியற்பொழுதை இங்குள்ளோரே எழுத வேண்டியிருந்தது. முரசு நெடுமாறன் சிறுவர் பாடல்களை இயற்றினார். நம் காலத்தில் கெடாவைச் சேர்ந்த கே. பாலமுருகன் சிறுவர்க்கென மர்ம நாவல்களைத் தொடராக எழுதினார். இருவரும் ஆசிரியர்கள். குழந்தை எந்த வரியில் கொட்டாவி விடும் என்பதை வகுப்பறையில் கண்டவர்கள்!

மணிமன்ற மலரைப் போன்ற பொதுப்பக்கத்தின் இடத்தில் இன்று ஆசிரியரே நிற்கிறார். ஜொகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் சிகாமட்டில் பயிலும் மாணவி ஒருத்தி கெடாவில் எழுதப்பட்ட நாவலை அறிவதும் அறியாததும், அவள் ஆசிரியர் அதனைத் தேடிக் கண்டாரா என்பதைப் பொறுத்தே அமைகின்றன.