‘கணிசமாக’: காலநிலை மறுப்பில் ஒரு வினையடையின் வேலை

2015 ஜனவரி 21 அன்று, கீஸ்டோன் எக்ஸ்எல் எண்ணெய்க் குழாய் மசோதாவை விவாதித்துக்கொண்டிருந்த அமெரிக்க செனட், அதற்கு வந்த மூன்று திருத்தங்கள் மீது அடுத்தடுத்து வாக்களித்தது. காலநிலை மாற்றம் உண்மை, அது புரட்டு அல்ல என்ற ஜனநாயகக் கட்சி செனட்டர் வைட்ஹவுஸின் திருத்தம் 98–1 என்று நிறைவேறியது. அந்த மாற்றத்துக்கு மனிதச் செயல்பாடும் பங்களிக்கிறது என்ற குடியரசுக் கட்சி செனட்டர் ஹோவெனின் திருத்தம் 59–40 பெற்று, தேவையான 60க்கு ஒரு வாக்குக் குறைவால் விழுந்தது. மனிதச் செயல்பாடு ‘கணிசமாக’ப் பங்களிக்கிறது என்ற ஜனநாயகக் கட்சி செனட்டர் ஷாட்ஸின் திருத்தம் 50–49இல் நின்றுபோனது. காலநிலை மறுப்பை ஆராய்ந்தவர்களில் பெரும்பாலோர் முதல் வாக்கெடுப்பிலேயே தங்கிவிடுகிறார்கள். 2003இல் காலநிலை மாற்றத்தைப் பெரும் புரட்டு என்று அதே அவையில் வருணித்தவரும், சுற்றுச்சூழல் குழுவின் தலைமைக்கு அந்த மாதம்தான் திரும்பியிருந்தவருமான ஜேம்ஸ் இன்ஹோஃப், ‘புரட்டு அல்ல’ என்ற வாசகத்தை ஆதரித்து வாக்களித்தது அவர்களுக்கு அங்கதச் சுவையுள்ள செய்தி. மூன்றாம் வாக்கெடுப்பைக் கட்சி அடையாளத்தின் வெளிப்பாடு என்றோ அறிவியல் அறியாமை என்றோ சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். இந்த வாசிப்பு பிழையானது என்பதைவிட, தவறான இடத்தில் நிற்கிறது என்பதே என் கருத்து. அன்று தகராறுக்கு உள்ளான சொல் ‘உண்மை’யும் அல்ல, ‘புரட்டு’ம் அல்ல. ‘கணிசமாக’ என்ற வினையடைதான்.

இன்ஹோஃபின் வாக்கில் முரண் ஏதும் இல்லை. காலநிலை எப்போதும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது, இனியும் மாறும், மனிதனால் அதை மாற்ற முடியும் என்று நினைப்பதுதான் ஆணவம் என்று அவர் அவையிலேயே விளக்கினார். அதாவது, மாற்றத்தை ஒப்புக்கொண்டு காரணத்தை மறுத்தார். ஹோவெனின் வாசகமோ காரணத்தையும் ஒப்புக்கொள்கிறது, அளவை மட்டும் சொல்லாமல் விடுகிறது. அந்த வாசகத்துக்குக் குடியரசுக் கட்சியினர் 15 பேர் கை தூக்கினார்கள். ஷாட்ஸின் வாசகத்துக்கு 5 பேர். இந்த ஒப்பீடு முழுச் சுத்தமானது அல்ல. குழாய்த் திட்டத்துக்குச் சாதகமான அரசு மதிப்பீட்டையும் ஹோவென் தம் திருத்தத்தில் சேர்த்திருந்தார். அந்தச் சர்க்கரைக்காகவும் சிலர் ஆதரித்திருக்கலாம். ஆனால், எரிசக்திக் குழுவின் அப்போதைய தலைவர் லிசா முர்கோவ்ஸ்கி, ஷாட்ஸின் திருத்தத்தை எதிர்க்க அந்த ஒரு சொல்லே போதும் என்று காரணம் காட்டினார். சர்க்கரைக் கணக்கு இதை விளக்காது.

ஏன் அந்தச் சொல்? தமிழில் ‘கணிசம்’ போலவே, அளவுகோலைக் கையில் கொடுக்காமல் அளவைப் பேசும் சொல் அது. கல்யாணச் செலவு கணிசம் என்றால் எத்தனை லட்சம் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தில் இந்தச் சொல் ஒரு கதவின் தாழ்ப்பாள். வாகனப் புகையைப் பற்றிய 202ஆம் பிரிவு, ஊறு விளைவிக்கக்கூடிய காற்று மாசுக்கு ஒன்று ‘காரணமாகிறது அல்லது பங்களிக்கிறது’ என்றாலே அதைக் கட்டுப்படுத்தச் சொல்கிறது. 2007இல் உச்ச நீதிமன்றம் மாசசூசெட்ஸ் வழக்கில் பசுங்குடில் வாயுக்களை மாசு என்று தீர்ப்பளித்ததும், 2009 டிசம்பரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அவற்றை ஊறு தருபவை என்று அறிவித்ததும் இந்தப் பிரிவின் கீழ்தான். அனல் மின் நிலையம் போன்ற நிலையான மூலங்களுக்கு உரிய 111ஆம் பிரிவோ, ஒரு மூல வகை மாசுக்குக் காரணமாக வேண்டும் அல்லது ‘கணிசமாகப் பங்களிக்க’ வேண்டும் என்கிறது. சட்டம் எழுதியவர்கள் இரண்டு இடத்துக்கும் ஒரே சொல்லைப் போடவில்லை. ஒபாமா அரசு மின் நிலையங்களுக்கான கரியமில வாயு விதியை 2014 ஜூனில் இந்த 111இன் கீழ்தான் முன்மொழிந்திருந்தது. அதன் இறுதி வடிவம் 2015 ஆகஸ்டில் வந்தது. ஜனவரி வாக்கெடுப்பு இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. ஹோவெனின் வாசகம் 202இன் சொல்லோடும் ஷாட்ஸின் வாசகம் 111இன் சொல்லோடும் பொருந்திவருவதைத் தற்செயல் என்று சொல்லிவிட என்னால் இயலவில்லை.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. அந்தத் திருத்தங்கள் அவையின் கருத்தைப் பதிவு செய்பவை, யாரையும் கட்டுப்படுத்தாதவை. வாக்களித்தவர்கள் 111ஆம் பிரிவை மனத்தில் வைத்திருந்தார்கள் என்பதற்கு நேரடிச் சான்றும் இல்லை. போதாக்குறைக்கு, முகமை மின் நிலைய வகையை 1971இலேயே பட்டியலிட்டுவிட்டதால், ஒவ்வொரு வாயுவுக்கும் தனியே ‘கணிசம்’ என்று நிறுவத் தேவையில்லை என்றே வாதிட்டது. இவற்றை ஏற்கிறேன். நான் சொல்வது நோக்கத்தைப் பற்றி அல்ல, பயனைப் பற்றி. ஒப்புக்கொள்ளலாம், ஆனால் இந்த அளவுக்குமேல் கூடாது என்ற வரம்பு அன்று அவைக்குறிப்பில் ஏறியது. பின்னால் வந்த குடியரசுக் கட்சி நிர்வாகங்கள் நின்ற இடமும் அதே வரம்புதான். எண்ணெய், நிலக்கரி நிறுவனங்களின் பணமே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்போருக்கு ஒன்று மட்டும்: எதிர்த்து வாக்களிக்க வைத்ததைப் பணம் விளக்கலாம், எந்தச் சொல்லை எதிர்த்தார்கள் என்பதை அது விளக்காது.

அந்த வரம்பின் பிற்கால வரலாற்றைப் பார்க்கலாம். அப்போது முகமையின் தலைவராக இருந்த ஸ்காட் ப்ரூயிட் 2017 மார்ச்சில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், புவி வெப்பமாதலுக்குக் கரியமில வாயு முதன்மைக் காரணி என்பதை ஏற்கமாட்டேன் என்றார். அறிவியலையே மறுத்துவிட்டார் என்று கண்டனங்கள் குவிந்தன. ஆனால் ஓக்லஹோமாவின் தலைமை வழக்கறிஞராக இருந்தபோது இதே முகமை மீது பலமுறை வழக்குத் தொடுத்தவர் அவர்; சட்டத்தில் ஒரு சொல்லின் எடை அவருக்குத் தெரியாதது அல்ல. வெப்பமாதலை அந்த வாக்கியம் மறுக்கவில்லை, பங்களிப்பையும் மறுக்கவில்லை, ‘முதன்மை’ என்ற அளவை மட்டுமே மறுக்கிறது. 2021 ஜனவரியில், ஆட்சி மாற ஒரு வாரமே இருந்தபோது, முகமை ‘கணிச’த்துக்கு எண்ணையே எழுதியது: நாட்டின் மொத்தப் பசுங்குடில் வாயு உமிழ்வில் 3 விழுக்காட்டுக்குக் குறைவாக உமிழும் மூல வகை கணிசமானது அல்ல. அந்த அளவையில் மின் நிலையங்கள் உள்ளே இருந்தன, எண்ணெய்-எரிவாயுத் துறை வெளியே போனது. ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியை ரத்து செய்தது.

சொல் மட்டும் சாகவில்லை. 2025 ஜூனில் அதே முகமை, மின் நிலையங்களின் உமிழ்வும் கணிசமாகப் பங்களிப்பதில்லை என்று முன்மொழிந்தது. அமெரிக்க மின்துறையின் பங்கு 2005இல் 5.5 விழுக்காடு, 2022இல் 3 விழுக்காடு என்று கணக்கும் காட்டியது. ஆனால் இம்முறை வகுக்கும் எண் நாட்டின் மொத்தம் அல்ல, உலகின் மொத்தம். தொகுதியில் உள்ள புகை அதே புகை. பகுதியை மாற்றினால் கணிசம் கரைந்துவிடுகிறது. இந்தக் கணக்கின்படி உலகில் எந்த நாட்டின் எந்தத் துறையும் ஒருநாள் கணிசமற்றதாகிவிடலாம். உமிழ்வு குறைந்ததற்கு முந்தைய கட்டுப்பாடுகளும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்ற வினாவை இங்கே விட்டுவிடுகிறேன்.

என் வாதத்துக்குக் கடினமான சோதனை 202ஆம் பிரிவு. அங்கே அந்த வினையடையே கிடையாது. 2025 ஜூலையில் முகமை 2009ஆம் ஆண்டு அறிவிப்பையே விலக்கிக்கொள்ள முன்மொழிந்தது. மறுப்பு என்பது அடிப்படையில் அறிவியலைப் பற்றிய தகராறுதான் என்றால், இங்கே அறிவியல் ஐயமே முதல் வாதமாக வந்திருக்க வேண்டும். அது மாற்று வாதமாக, பின்வரிசையில்தான் வந்தது. முன்வரிசையில் நின்றது ஒரு சொற்பொருள் வாதம்: 202 பேசும் ‘காற்று மாசு’, உள்ளூர் அல்லது வட்டார அளவில் நேரடியாகத் தீங்கு தரும் மாசை மட்டுமே குறிக்கும், உலகளாவிய மாசை அல்ல என்பது. சட்டத்தில் அந்த அடைமொழிகள் இல்லை. வினையடை கிடைக்காத இடத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இரண்டு அடைகளைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.