மண்ணிழந்த நகரமும் மாடிப் பண்ணையும்

உணவுப் பிரச்சினையைக் கட்டடக் கலையால் தீர்த்துவிடலாம் என்ற நம்பிக்கை இன்று பல நாடுகளில் வலுப்பெற்றுள்ளது. சனநெருக்கம் மிகுந்த நாடுகளில், மாடிமேல் மாடியாக எழும் கட்டடங்களுக்குள் பயிர் செய்தால் நிலப் பற்றாக்குறை நீங்கிவிடும் என்பதே அந்நம்பிக்கையின் சாரம். இதனை மதிப்பிடுவதற்குச் சிங்கப்பூரின் வரலாறு மிகவும் பொருத்தமானது. விவசாயத்தை மண்ணிலிருந்து அகற்றிய செயலும், பின்னர் அதனைக் கட்டடங்களுக்குள் மீள அழைத்த முயற்சியும் ஒரே தலைமுறையினரின் வாழ்நாளுக்குள் அங்கு நிகழ்ந்தன.

இக்கருத்து புதியதன்று. 1909இல் 'லைஃப்' என்னும் அமெரிக்கச் சஞ்சிகை வெளியிட்ட கேலிச்சித்திரமொன்று, உயர்ந்த இரும்புச் சட்டகத்தின் ஒவ்வொரு தட்டிலும் ஒரு வீட்டையும் தோட்டத்தையும் காட்டியது. 1915இல் கில்பேர்ட் பெய்லி என்பவர் 'செங்குத்து விவசாயம்' என்ற பெயரிலேயே நூலொன்று எழுதினார். எனினும் அவர் வானத்தை நோக்கவில்லை. வெடிமருந்தால் நிலத்தை ஆழப்படுத்தி, வேர்கள் கீழிறங்க வழிசெய்வதையே அவர் கருதினார். 1930களில் கலிபோர்னியாப் பேராசிரியர் வில்லியம் கெரிக் மண்ணின்றி, சத்துக் கரைந்த நீரில் தக்காளியை வளர்த்துக் காட்டினார். 1964இல் வியன்னாவில் நடந்த சர்வதேசத் தோட்டக் கண்காட்சியில், ஒத்மார் ரூத்னர் என்னும் பொறியியலாளர் கோபுர வடிவிலான கண்ணாடிப் பயிர்மனையொன்றை நிறுவினார். 1999இல் கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டிக்சன் டெஸ்பொமியரும் அவருடைய மாணவர்களும் மன்ஹற்றன் கூரைகளில் பயிரிட்டால் எத்தனை பேருக்கு உணவளிக்கலாம் எனக் கணக்கிட்டனர். மக்களில் நூற்றுக்கு இருவருக்கே அது போதுமெனக் கண்டபின், கூரையை விட்டுக் கட்டடத்தின் உட்புறத்தை நோக்கினர். இன்றைய இயக்கம் அங்கிருந்தே தொடங்குகிறது.

இனிச் சிங்கப்பூரை நோக்குவோம். பர்மா, சீயம் ஆகிய நாடுகளின் அரிசியை நம்பி வாழ்ந்த அத்துறைமுக நகரம், 1942இல் யப்பானியர் வசமானபோது பசியின் பொருளை உணர்ந்தது. கப்பல்கள் வரவில்லை, மரவள்ளியும் வற்றாளையும் சோற்றின் இடத்தைப் பிடித்தன. இறக்குமதியில் தங்கிய நகரம் எவ்வளவு பலவீனமானது என்பதை அம்மூன்றரை ஆண்டுகளும் கற்பித்தன.

போருக்குப் பின்னர், நகரின் புறத்தே சீன உழவர் குடும்பங்கள் காய்கறித் தோட்டங்களையும் பன்றி, கோழிப் பண்ணைகளையும் பெருக்கின. 1960களில் ஏறத்தாழ 20,000 பண்ணைகள் அங்கிருந்தன. பன்றியிறைச்சியிலும் முட்டையிலும் நாடு தன்னிறைவுக்கு நெருங்கியது. ஆயினும் இவ்வுழவரிற் பலருக்கு நிலத்தின்மீது நிலையான உரிமை இருக்கவில்லை. 1966இல் இயற்றப்பட்ட காணி சுவீகரிப்புச் சட்டம் அரசின் கையை வலுப்படுத்தியது. தொழிற்பேட்டைகளும் வீடமைப்புத் தொகுதிகளும் நீர்த்தேக்கங்களும் தோட்டங்களின் இடத்தில் எழுந்தன. பன்றி வளர்ப்பைப் படிப்படியாக நிறுத்துவதென 1984இல் அரசு தீர்மானித்தது. பத்தாண்டு முடிவதற்குள் பொங்கோல் பண்ணைகளும் மறைந்தன. நட்டஈடும் அடுக்குமாடி வீடும் உழவர்க்குக் கிடைத்தன என்பதை மறுக்கலாகாது. நீர்நிலைகள் மாசுற்றன என்ற அரசின் காரணமும் பொய்யன்று. ஆனால், மண்ணையும் மழையையும் அறிந்த ஒரு வர்க்கத்தின் அநுபவ அறிவுக்கு எவரும் நட்டஈடு கணக்கிடவில்லை. இன்று நிலப்பரப்பில் நூற்றில் ஒரு பங்களவே உணவு விளைவிக்க ஒதுக்கப்பட்டுள்ளது. உணவில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதியாகிறது.

இப்பின்னணியிலேதான் மாடிப் பண்ணை தோன்றியது. 2012இல் லிம் சூ காங் பகுதியில் 'ஸ்கை கிறீன்ஸ்' நிறுவனம் ஒன்பது மீற்றர் உயரமான அலுமினியச் சட்டகங்களை நிறுத்தியது. அவற்றில் அடுக்கிய தொட்டிகள் மெதுவாகச் சுழன்று, ஒவ்வொன்றும் முறைவைத்து வெயிலைப் பெற்றன. 2030இல் போஷாக்குத் தேவையின் 30 சதவீதத்தை உள்நாட்டிலேயே விளைவிப்பதென 2019இல் அரசு அறிவித்தது. மறுவருடம் கொள்ளைநோய் எல்லைகளை மூடியபோது, பொது வீடமைப்புத் தொகுதிகளின் வாகனத் தரிப்பிடக் கூரைகளும் பண்ணைகளுக்குக் கேள்விமூலம் வழங்கப்பட்டன.

இங்கே கட்டட அமைப்பின் அடிப்படைக் கேள்வி எழுகிறது. ஒரு காணியில் விழும் சூரிய ஒளி, அதன்மேல் பத்து மாடி எழுப்பியதால் பத்து மடங்காவதில்லை. மேல்மாடி ஒளியை உண்டால் கீழ்மாடி இருளில் வாடும். பக்கவாட்டில் நுழையும் ஒளி, சுவரிலிருந்து சில அடி தூரத்திலேயே பயிருக்குப் போதாததாகிறது. எனவே கட்டடத்தை மிக ஒடுக்கமாக அமைக்க வேண்டும், அல்லது தொட்டிகளைச் சுழற்ற வேண்டும், அல்லது சூரியனுக்குப் பதிலாக மின்விளக்கை ஏற்ற வேண்டும். விளக்கை ஏற்றினால் அதன் வெப்பத்தையும், இலைகள் வெளிவிடும் ஈரத்தையும் அகற்ற மீண்டும் மின்சாரம் வேண்டும். சிங்கப்பூரின் மின்சாரமோ ஏறத்தாழ 95 சதவீதம் இயற்கை வாயுவிலிருந்து பெறப்படுவது, அவ்வாயுவும் இறக்குமதியே. கீரையின் இறக்குமதியைக் குறைப்பதற்கு எரிவாயுவின் இறக்குமதியைக் கூட்டுவது எவ்வகைத் தன்னிறைவு?

விடையை வரலாறே அளித்தது. 2022இல் உக்ரேன் போரை அடுத்து எரிபொருள் விலை ஏறியதும் இத்தொழில் உலகெங்கும் ஆட்டங்கண்டது. அமெரிக்காவில் 'ஏரோஃபாம்ஸ்' 2023இல் வங்குரோத்துப் பாதுகாப்பை நாடியது. 'பவரி' 2024இல் மூடப்பட்டது. சிங்கப்பூரில் உள்நாட்டுக் காய்கறியின் பங்கு உயர்வதற்குப் பதிலாக, 2023இல் 3 சதவீதமளவுக்குத் தாழ்ந்தது. அதே ஆண்டில், சாதாரணக் கோழிப்பண்ணைகள் நாட்டின் முட்டைத் தேவையில் மூன்றிலொரு பங்களவை நிறைவேற்றின. 2025 நவம்பரில் அரசு பழைய இலக்கைக் கைவிட்டு, 2035ஐ நோக்கிய வேறு இலக்குகளை வகுத்தது.

இதனால் மாடிப் பண்ணை வீணென்று தள்ளிவிடுதல் விஞ்ஞான நோக்காகாது. அது நீரை மிகவும் சிக்கனப்படுத்துகிறது. பூச்சிகொல்லியின் தேவையைக் குறைக்கிறது. நாற்றுகளையும் மென்கீரைகளையும் சிறப்பாக வளர்க்கிறது. எனினும் உழைக்கும் மக்களின் வயிற்றை நிரப்புவது நெல்லும் கோதுமையும் கிழங்கும் பருப்புமே. அவற்றை விளக்கொளியில் விளைவித்தால், விலை ஏழையின் கைக்கு எட்டாது. அங்காடியில் மலிவான இறக்குமதிக் கீரை கிடைக்கும்போது, மாடிக்கீரை வசதி படைத்தோரின் சலாதுத் தட்டையே சென்றடைகிறது.

பங்களாதேசத்தில் ஒரு சதுர கிலோமீற்றரில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். எனினும் அங்கு உண்ணப்படும் அரிசியின் பெரும்பகுதியைச் சிறு உழவர்கள் தம் வயல்களிலேயே விளைவிக்கின்றனர். இத்தகைய நாடுகள் சிங்கப்பூரிடம் கற்கவேண்டிய முதற்பாடம் கோபுரத்தின் வரைபடமன்று. உழவனை நிலத்திலிருந்து அகற்றுவது சில ஆண்டுகளில் முடிந்துவிடும். அவன் விளைவித்ததைக் கண்ணாடிக்குள் மீட்டெடுக்க அரசின் செல்வமும் பொறியியலாளரின் திறனும் சேர்ந்தும் போதவில்லை. நிலம் யாருக்குரியது, எதற்குரியது என்ற வினாவை ஒரு சமுதாயம் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். கட்டடக் கலைஞன் தன் பணியைத் தொடங்குவது அதன் பின்னரே பயன்தரும்.