நிலவுக்கல்லும் ஸ்ரீரங்கப்பட்டணமும்: விசாரிக்கப்படாத கொள்ளை

சென்ற விடுமுறையில் ஐந்து இரவுகள், இஷாத் தொழுகைக்குப் பின், நம் வீட்டார் அனைவரும் கூடி அமர்ந்து ஓர் ஆங்கிலத் தொடரைப் பார்த்தோம். வில்கி காலின்ஸ் 1868ஆம் ஆண்டு எழுதிய ‘தி மூன்ஸ்டோன்’ நாவலைத் தழுவி 2016ஆம் ஆண்டு பிபிசி ஐந்து பகுதிகளாக ஒளிபரப்பிய தொடர் அது. ஆங்கிலத் துப்பறியும் நாவல்களுக்கெல்லாம் முன்னோடி என்று போற்றப்படும் நூல். 1972, 1996 ஆகிய ஆண்டுகளிலும் அது தொலைக்காட்சிக்கு வந்திருக்கிறது. கொலை இருக்கிறது, களவு இருக்கிறது. ஆனால் பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்க முடியாத ஆபாசம் இல்லை என்று கேள்விப்பட்டதால் தேர்ந்தெடுத்தோம். பகலெல்லாம் தறியில் அமர்ந்த உடம்புக்கு இரவில் ஒரு நல்ல கதை ஆறுதல்தானே.

கதை இதுதான். ஹெர்ன்கேஸில் என்னும் ஆங்கில அதிகாரி, இந்தியாவிலிருந்து கொண்டு வந்த பெரிய மஞ்சள் வைரத்தைத் தம் மருமகள் ரேச்சலின் பதினெட்டாம் பிறந்தநாளுக்குக் கிடைக்கும்படி எழுதி வைத்துவிட்டு இறக்கிறார். பிறந்தநாள் இரவிலேயே வைரம் காணாமற்போகிறது. லண்டனிலிருந்து சார்ஜண்ட் கஃப் வருகிறார். சாயம் பட்ட அங்கியைத் தேடுகிறார். கதவில் பூசிய ஈரச் சாயம் எங்கே கலைந்தது என்று பார்க்கிறார். வீட்டைச் சுற்றித் திரியும் இந்தியர் மூவர்மீது எல்லோருக்கும் சந்தேகம் எழுகிறது. யார் எடுத்தார் என்ற புதிர் அழகாக அவிழ்கிறது. அதில் குறை சொல்ல மாட்டோம்.

நம்மை வருத்தியது வேறு. அந்த வைரம் ஹெர்ன்கேஸிலிடம் எப்படி வந்தது? 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது, திப்பு சுல்தானின் ஆயுதசாலைக்குள் புகுந்து, காவல் இருந்தவர்களைக் கொன்று எடுத்தது. காலின்ஸ் இதை மறைக்கவில்லை. நாவலின் முகவுரையே அந்தக் கொலைக்களம்தான். ஓர் ஆங்கிலேயரே தம் உறவினர்மீது குற்றம் சாட்டி எழுதிய குடும்பக் கடிதமாக அதை அவர் அமைத்திருக்கிறார். தொடரிலோ கதையின் எடை முழுவதும் இங்கிலாந்து மாளிகையின்மேல் விழுகிறது. ஓர் இளம்பெண் ஓர் இரவு மட்டும் வைத்திருந்த கல்லுக்காக ஐந்து பகுதிகள் விசாரணை நடக்கிறது. அந்தக் கல் பறிக்கப்பட்ட ஊருக்காக எந்தத் துப்பறிவாளரும் வரவில்லை.

நான்காம் இரவு நமது தமக்கையின் மகன் கேட்டான்: “மாமா, அந்தக் கல்லை முதலில் திருடியது திப்பு சுல்தானா?”

பையனைக் குறை சொல்ல முடியாது. காலின்ஸின் கதைப்படி அந்தக் கல் சோமநாதக் கோவிலின் சந்திர தெய்வத்துக்கு உரியது. கஜினி மஹ்மூதின் கையிலிருந்து தப்புகிறது. பின்னர் ஔரங்கசீப்பின் படை அதிகாரி ஒருவனால் கொள்ளையிடப்படுகிறது. இறுதியில் திப்புவின் குறுவாள் பிடியில் பதிக்கப்படுகிறது. கதையில் வரும் முஸ்லிம் பெயர்கள் அனைத்தும் கொள்ளையோடு சேர்ந்தே வருகின்றன. அப்படி ஒரு கல்லும் இல்லை, அப்படி ஒரு குறுவாளும் இல்லை. அது நாவலாசிரியரின் கற்பனை. இதைப் பையனிடம் சொன்னோம். ஆனால் “இல்லை” என்று மட்டும் சொல்லி நிறுத்துவது போதாது என்று பட்டது. ஜரிகையை உரசிப் பார்க்காமல் சேலை எடுக்காத ஊர் நம்முடையது. கதையையும் உரசிப் பார்க்க வேண்டாமா?

நடந்தது இது. மே 4 அன்று நண்பகலுக்குப் பின் கும்பினிப் படை கோட்டைச் சுவரின் பிளவு வழியே ஏறியது. அந்தப் படையுடன் ஹைதராபாத் நிஜாமின் சேனையும் இருந்தது. மதராஸ் சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்களில் தமிழரும் முஸ்லிம்களும் உண்டு. சுல்தான் வாயில் ஒன்றின் அருகே போரிட்டு வீழ்ந்தார். பிணக்குவியலுக்கிடையே அவர் உடலை இரவில் விளக்கொளியில் தேடிக் கண்டெடுத்தார்கள். மறுநாள் தந்தை ஹைதர் அலியின் அருகே, கும்பஸில் நல்லடக்கம் நடந்தது. அன்றிரவு நகரம் சூறையாடப்பட்டது. பின்னாளில் வெல்லிங்டன் பிரபு எனப் புகழ்பெற்ற ஆர்தர் வெல்லஸ்லியே, கொள்ளையிடப்படாத வீடு ஏறக்குறைய இல்லை என்ற பொருள்படத் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். நான்கு பேரைத் தூக்கிலிட்டும் பலரைக் கசையால் அடித்தும்தான் அவரால் அமைதியைக் கொண்டுவர முடிந்தது.

இதன் பிறகு நடந்ததுதான் தொடர் எடுக்கத் தக்க கதை. சட்டத்துக்குப் புறம்பான கொள்ளை நின்றதும், சட்டப்படியான பங்கீடு தொடங்கியது. அதற்கென்று ஒரு குழு அமர்ந்தது. பொருள்களுக்கு விலை மதித்தது. பொற்றகடு வேய்ந்த எண்கோணச் சிம்மாசனத்தை முழுதாக யாருக்குக் கொடுப்பது? உடைத்தார்கள். படைத்தலைவர் ஜெனரல் ஹாரிஸின் பங்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பவுண்டுக்கு மேல். இந்தியச் சிப்பாய்க்குச் சில பவுண்டுகள். சிம்மாசனத்தின் மேலிருந்த ஹுமா பறவை இங்கிலாந்து மன்னருக்குப் போய், இன்றும் அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஐரோப்பியச் சிப்பாயைக் கவ்வும் மரப்புலி லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சுமார் இரண்டாயிரம் சுவடிகள் கொண்ட நூலகம் கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் பிரிந்தது. அதன் பட்டியலைச் சார்லஸ் ஸ்டூவர்ட் 1809இல் அச்சிட்டார். குர்ஆன் பிரதிகளும் ஃபிக்ஹு நூல்களும் பாரசீகக் கவிதைகளும் அதில் அடக்கம். 2023 மே மாதம் சுல்தானின் படுக்கையறை வாள் என்று சொல்லப்பட்ட ஒன்று லண்டன் ஏலத்தில் ஒரு கோடியே நாற்பது லட்சம் பவுண்டுக்குப் போனது.

போரில் கிடைத்த பொருளைப் பங்கிடுவது அக்காலத்தில் எல்லாப் படைகளுக்கும் வழக்கம்தானே என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. நம் மார்க்கத்திலும் ‘கனீமத்’துக்குச் சட்டம் உண்டு. ஆனால் பங்கிடும் முன் அதிலிருந்து ஒன்றை ஒளித்து எடுப்பதை ‘குலூல்’ என்று ஆலு இம்ரான் அத்தியாயம் கண்டிக்கிறது. கைபர் போரின் பொருள்களிலிருந்து ஒரு போர்வையை எடுத்துக்கொண்டவரைப் பற்றி, அது அவர்மேல் நெருப்பாக எரிகிறது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றிருக்கிறது. ஹெர்ன்கேஸில் செய்தது கும்பினியின் விதிப்படியும் குற்றம்தான். காலின்ஸ் அதைத் தெரிந்தே எழுதினார்.

மற்றொரு பக்கத்தையும் பையனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாவிட்டால் நாமும் அந்தத் தொடர்போல் பாதிக் கதை சொன்னவர்களாவோம். ஹைதரும் திப்புவும் நம் பகுதிக்கு விருந்தினராக வரவில்லை. 1780இல் ஹைதரின் படை கர்நாடகப் பகுதிக்குள் இறங்கியபோது ஊர்கள் எரிந்தன, விளைநிலங்கள் பாழாயின, பஞ்சம் வந்தது. ஆரணிக் கோட்டையை அவர் தம் தளவாடக் கிடங்காக வைத்திருந்தார். 1782 ஜூன் 2 அன்று ஜெனரல் ஐர் கூட் அதைக் குறிவைத்து வந்து, போரிட்டும் பிடிக்க முடியாமல் திரும்பினார். எதிர்ப்பக்கத்தில் கும்பினியின் தோழராக இருந்தவரும் ஒரு முஸ்லிமே. ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா. குடகிலும் மலபாரிலும் திப்புவின் படையெடுப்பை மக்கள் இன்றும் கசப்போடு நினைக்கிறார்கள். அதே திப்பு, 1791இல் மராட்டியப் படையினரால் சூறையாடப்பட்ட சிருங்கேரி மடத்துக்குப் பொருளுதவி செய்து எழுதிய கடிதங்கள் கன்னடத்தில் கிடைத்திருக்கின்றன. அவருடைய அரண்மனைக்கு அருகிலிருந்த அரங்கநாதர் கோவில் இன்றும் நிற்கிறது. முழு மனிதராகப் பார்த்தால் போதும்; மெருகு பூச வேண்டியதில்லை.

ஆரணியின் பெயர் இக்கதையில் இன்னொரு வகையிலும் வருகிறது. 1751 டிசம்பரில் இதே ஆரணியில் சந்தா சாஹிபின் மகன் ரஸா சாஹிபையும் பிரெஞ்சுக்காரரையும் தோற்கடித்தவர் ராபர்ட் கிளைவ். உடன்வந்த மராட்டியக் குதிரைப்படையினர் தோற்றவர்களின் படைக் கருவூலத்தையும் கைப்பற்றினர். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது மதராஸ் கவர்னராக இருந்தவர் அவருடைய மகன் எட்வர்ட் கிளைவ். வேல்ஸ் நாட்டுப் போவிஸ் கோட்டையில் திப்புவின் கூடாரத்தையும், சிம்மாசனத்தை அலங்கரித்த புலித்தலை ஒன்றையும் இன்றும் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். அது கிளைவ் குடும்பச் சேகரிப்பு. தந்தை தொடங்கியது ஆரணி போன்ற களங்களில். மகன் வீட்டுக் கூடத்தில் அது காட்சிப் பொருளானது. சார்ஜண்ட் கஃப் போன்ற ஒருவருக்கு இதைவிடத் தெளிவான தடயம் எங்கே கிடைக்கும்?

பறிக்கப்பட்டவை பொருள்கள் மட்டுமல்ல. சுல்தானின் மக்களும் குடும்பப் பெண்களும் வேலூர்க் கோட்டையில் அடைக்கப்பட்டனர். அங்கேதான், நெற்றிக்குறி கூடாது, தாடியைத் திருத்த வேண்டும், புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவுகளால் கொதித்த சிப்பாய்கள் 1806 ஜூலை 10 அன்று விடியுமுன் எழுந்தார்கள். கோட்டைமேல் மைசூர்க் கொடி ஏறியது. அன்று பகலுக்குள் ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அடக்கியது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டார்கள். அரச குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. ஆனால் அக்குடும்பத்துப் பெண்கள் சிலரின் கபறுகள் இன்றும் வேலூரில், கோட்டைக்குச் சற்றுத் தொலைவில் இருக்கின்றன. ஆரணியில் பேருந்து ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். நாவலின் கடைசிப் பக்கங்களில் காலின்ஸ் வைரத்தைச் சோமநாதத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறார். வேலூரில் அடங்கியவர்களுக்கு அப்படித் திரும்பி வந்தது ஒன்றுமில்லை.

ஐந்தாம் பகுதி முடிந்த இரவு பையன் எழுந்து போகவில்லை. வேலூர் எப்போது போவோம் என்று கேட்டான். வரும் ஞாயிறு, லுஹருக்கு முன் அங்கே இருக்கும்படி புறப்படுவதாகச் சொல்லியிருக்கிறோம். பார்க்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறான். கோட்டைக்குள் இருக்கும் திப்பு மஹால் அதில் இரண்டாவது, கபறுகள் முதலாவது.