எச்சரிக்கை வந்து சேரும் நேரம்

வீட்டு வாசலில் மாட்டிய கேமரா, ஆள் வந்துபோன பிறகுதான் போனுக்குத் தகவல் அனுப்புகிறது என்ற குறை இன்று எல்லா ஊரிலும் உண்டு. சிவகாசி வட்டாரத்தில் இந்தக் குறைக்கு வேறொரு கனம் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் ஒவ்வொரு பட்டாசு ஆலை விபத்துக்குப் பிறகும் ஆலைகளைக் கேமராவால் கண்காணிக்க வேண்டும், தீப்பொறி தெரிந்தவுடன் எச்சரிக்கை போக வேண்டும் என்ற கோரிக்கை எழுகிறது. கேட்பவர்களின் கவலை உண்மையானது. ஆனால் இந்தத் தொழிலின் கடந்த காலத்தைப் பார்த்தால், எந்த எச்சரிக்கையைத் தாமதம் என்கிறோம், அது எங்கே தாமதமாகிறது என்ற கேள்விக்குப் பதில் கேமராவுக்குள் இல்லை என்றே தெரிகிறது.

அலுமினியப் பவுடரும் வெடியுப்பும் கந்தகமும் கலந்த மருந்தில் ஒரு பொறி விழுந்தால், நொடியின் சிறு பகுதிக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஓடுவதற்கு நேரம் கிடையாது. இதை முதலில் ஒப்புக்கொண்டவர்கள் சட்டம் எழுதியவர்கள்தான். 1874 அக்டோபர் 2ஆம் தேதி விடியற்காலையில், லண்டன் ரீஜன்ட்ஸ் கால்வாயில் வெடிமருந்தும் பெட்ரோலியமும் ஏற்றிச் சென்ற படகு ஒன்று பாலத்துக்கு அடியில் வெடித்தது. அதை விசாரித்தவர் வெடிமருந்து ஆய்வாளரான விவியன் மஜெண்டி. அடுத்த ஆண்டே வந்த பிரிட்டிஷ் வெடிபொருள் சட்டத்தில் அவர் கை பெரிது. வெடித்த பிறகு என்ன செய்வது என்பதை அந்தச் சட்டம் நம்பியிருக்கவில்லை. ஓரிடத்தில் எவ்வளவு மருந்து இருக்கலாம், எத்தனை பேர் இருக்கலாம், அடுத்த கட்டிடம் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே வரையறுத்தது. அந்த வழியில்தான் 1884இல் இந்திய வெடிபொருள் சட்டம் வந்தது. 1940 விதிகள் உரிமம் வழங்கும் முறையை விரிவாக வகுத்தன. அதற்கு முன்பே சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து மழை குறைந்த இந்தக் கரிசல் பூமிக்குப் புதுப் பிழைப்பு காட்டியிருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுச் சரக்கு வரத்து குறைந்தபோது, உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் அதே ஊரில் கால் ஊன்றின. ஆக, சிவகாசிப் பட்டாசு இந்த விதிகளோடு சேர்ந்தே வளர்ந்த தொழில்.

அந்த விதிகளின் உருவம்தான் இங்குள்ள அறை. முறையாக நடக்கும் ஆலைக்குள் போனால் பெரிய கூடம் எதுவும் கண்ணில் படாது. வேப்ப மர நிழலில், ஒன்றுக்கொன்று விலகி, சின்னச் சின்ன அறைகள் வரிசையாக நிற்கும். ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உடம்பில் ஏறிய நிலைமின்சாரம் இறங்குவதற்கு வாசலில் செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உள்ளே ரப்பர் விரிப்பு. மருந்து கலக்கும் அறை தனி, மருந்து செலுத்தும் அறை தனி, காய வைக்கும் மேடை தனி. ஒரு அறை போனால் அடுத்த அறை பிழைக்க வேண்டும் என்பதே இந்த அமைப்பின் கணக்கு. கொடூரமான கணக்குதான், ஆனால் நேர்மையானது. தீ விபத்து நடக்காது என்று அது பொய் சொல்லவில்லை. நடந்தால் நாலு பேரோடு நிற்கட்டும் என்று சுவர் எழுப்பியது. ஆக, இந்தத் தொழிலில் உண்மையான எச்சரிக்கைக் கருவி அறையில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையும் மருந்தின் எடையும்தான். ஐந்தாவது ஆள் உள்ளே நுழையும் நேரமே மணி அடிக்க வேண்டிய நேரம்.

பெரிய சாவுகள் எல்லாம் இந்தக் கணக்கு உடைந்த இடத்தில்தான் நடந்திருக்கின்றன. 1991 ஜூலையில் சிவகாசி அருகே மீனாம்பட்டி ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் நடந்ததை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். அன்றைய செய்திகளின்படி, விதிமீறலுக்காக அந்த ஆலையின் உரிமம் விபத்துக்கு முன்பே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. தீபாவளிச் சீசன் நெருக்கத்தில் வேலை நிற்கவில்லை. அறைகளுக்கு வெளியேயும் மரத்தடியிலும் ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்தார்கள். சரக்கு அளவுக்கு மீறிக் குவிந்திருந்தது. முப்பத்தெட்டுப் பேர் போனார்கள். இங்கே எச்சரிக்கை தாமதமாக வந்தது என்று யார் சொல்ல முடியும்? அது உரிய காலத்தில், எழுத்தில், முத்திரையோடு வந்து சேர்ந்திருந்தது. ஆலையின் வாயிற்கதவைப் பூட்டும் கைதான் வந்து சேரவில்லை. 2021 பிப்ரவரி 12ஆம் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலையில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோதும், உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளைப் பலர் உள்குத்தகைக்கு எடுத்து நடத்தியதாகத்தான் தகவல் வெளிவந்தது. ஒவ்வொரு குத்தகைதாரரும் தன் அறைகளில் எவ்வளவு எடுக்கலாம் என்று பார்ப்பார். மொத்த ஆலையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதற்குக் கணக்கு வைக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

இப்போது கேமராவுக்கு வருவோம். தகவல் ஏன் தாமதமாகிறது என்பதில் மர்மம் இல்லை. கேமரா அசைவைப் பார்க்கிறது, காட்சியை எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்புகிறது, சர்வர் அதை போனுக்குத் தள்ளுகிறது. வைஃபை சிக்னல் சுவருக்குப் பின்னால் மெலிந்திருக்கலாம். பேட்டரியை மிச்சப்படுத்த போன் அந்தச் செயலியைத் தூங்க வைத்திருக்கலாம். ஒரு தகவலுக்கும் அடுத்ததற்கும் இடையே சில நிமிட இடைவெளி என்று செட்டிங்கிலேயே இருக்கலாம். இலை அசைந்தாலும் தகவல் வந்துகொண்டே இருந்ததால், பார்ப்பவரே சத்தத்தை அணைத்து வைத்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் சரிசெய்யும் வழி உண்டு: ரவுட்டரை அருகே கொண்டுவரலாம், செயலிக்குப் பேட்டரி கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு தரலாம், கண்காணிக்கும் பகுதியைச் சுருக்கலாம். இவையெல்லாம் செய்து தாமதத்தை ஒரு நொடியாகக் குறைத்தாலும், மருந்து கலக்கும் அறைக்குள் இருப்பவருக்கு அந்த ஒரு நொடி மிக நீளமானது. தீயைத் தேடும் கேமராவால் அவரைக் காப்பாற்ற முடியாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதை நான் ஏற்கிறேன். முதலிப்பட்டியில் இறந்தவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்லர். முதல் வெடிச் சத்தம் கேட்டு, உதவி செய்யவும் பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். அடுத்தடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். 2016 அக்டோபரில் சிவகாசி பைபாஸ் சாலையில் பட்டாசுக் கிடங்கு எரிந்தபோது, பக்கத்துக் கட்டிடத்தில் இருந்த ஸ்கேன் மையத்தில் மாட்டிக்கொண்டவர்கள் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். இந்த இரண்டு இடத்திலும் நிமிடங்கள் இருந்தன. வேலிக்கு வெளியே நிற்பவர்களுக்கு “கிட்ட வராதே” என்றும், அடுத்த வீட்டுக்கு “உடனே வெளியேறு” என்றும் சொல்லும் ஏற்பாடு இருந்திருந்தால் உயிர்கள் மிஞ்சியிருக்கும். அங்கே தாமதத்தைக் குறைப்பது உயிர் காக்கும் வேலை. அதற்கு உரிமையாளரின் போனில் அடிக்கும் மணி உதவாது. ஊருக்குக் கேட்கும் சைரனும், சத்தம் கேட்டால் எதிர்த் திசையில் போக வேண்டும் என்று பழகிய ஊரும் வேண்டும்.

இன்னொரு மெதுவான ஆபத்தும் இருக்கிறது. அன்றன்று கலந்த மருந்தை அன்றன்றே தீர்க்க வேண்டும், மிஞ்சியதை அழிக்க வேண்டும் என்பது பழைய ஒழுங்கு. மிஞ்சிய மருந்தை ராத்திரி அறையிலேயே விட்டுவிட்டால், ஈரம் பட்ட அலுமினியம் உள்ளுக்குள் சூடேறத் தொடங்கும். மருந்து நீர்த்துப்போய்விட்டது என்பார்கள் தொழிலாளர்கள். மறுநாள் காலையில் அதைத் தொடுகிறவர் கையில் அது வெடிக்கிறது. கந்தகத்தோடு குளோரேட்டைக் கலப்பதற்கு 1992இல் தடை வந்ததும் இப்படித் தானாகவே பற்றும், லேசாக உரசினாலும் பற்றும் கலவைகளை ஒழிப்பதற்குத்தான். மீதி மருந்து சூடேறும் இந்த நேரம் மணிக்கணக்கில் நீள்வது. இங்கே வெப்பத்தை அளக்கும் கருவி பத்து நிமிடம் தாமதமாகச் சொன்னாலும் பரவாயில்லை. அறையில் ஐந்தாவது, ஆறாவது ஆள் இருப்பதையும், மரத்தடியில் சரக்கு காய்வதையும் காட்டும் கேமரா அரை மணி நேரம் கழித்துத் தகவல் அனுப்பினாலும் போதும். அதை யார் பெறுகிறார்கள் என்பதே கேள்வி. இன்றைய நிலையில், விதியை மீறுவதால் லாபம் பார்ப்பவரின் கையில்தான் கேமராவின் போன் இருக்கும்.

கேமரா வந்தால் தொழிலாளியைத்தானே குறிவைக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. பீஸ் ரேட் கூலிக்கு வேலை செய்பவர் வேகமாக மருந்து செலுத்துவதும், அக்கம்பக்கத்து அறைக்கு ஆள் மாறிப்போவதும் அவர் குற்றமாகக் காட்டப்படும் என்ற அச்சம் நியாயமானதே. அதனால்தான் படம் ஃபோர்மேனிடமும் முதலாளியிடமும் மட்டும் போய் நிற்கக் கூடாது. உரிமம் கொடுப்பவர்களுக்கும், அதாவது மாவட்ட வருவாய் அலுவலர் (டிஆர்ஓ) தரும் லைசென்ஸானாலும் நாக்பூரில் உள்ள மத்திய வெடிபொருள் துறை தரும் லைசென்ஸானாலும் அந்த அலுவலகத்துக்கும், தொழிலாளர் சங்கத்துக்கும் அது ஒரே நேரத்தில் போக வேண்டும். எண்ணப்பட வேண்டியது ஒரு அறையில் எத்தனை பேர், எத்தனை கிலோ என்பது மட்டுமே. யார் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறார் என்பது அல்ல. அப்படிப் போகும் தகவலைப் பார்த்தும் அசையாத அதிகாரிக்கும் பொறுப்பு உண்டு என்று எழுதினால், முதலிப்பட்டியில் வந்த உத்தரவுக்கு நேர்ந்தது அடுத்த உத்தரவுக்கு நேராது.

இதே மாவட்டத்தின் தாயில்பட்டிப் பக்கத்து வீடுகளில் உரிமமின்றிப் பட்டாசு செய்பவர்களை எந்தக் கேமரா பார்க்கும் என்ற கேள்விக்கு மட்டும் இந்த வழியில் விடை கிடையாது. அங்கே சமையல் நடக்கும் கூரைக்கு அடியிலேயே மருந்தும் இருக்கிறது. தூரமும் அறையும் கிடையாது. பக்கத்து ஆலையில் அதே வேலை வருஷம் முழுக்கக் கிடைத்து, ஒரு குடும்பம் வாழும் அளவுக்குக் கூலியும் வந்தால்தான் அந்த வீடுகளை விட்டு மருந்து வெளியேறும். அது கூலிப் பேச்சுவார்த்தையில் முடிவாக வேண்டிய விஷயம்.