மலிந்தியின் மாலுமி

போடிநாயக்கனூரில் ஏலத்தை ஏலம் விடுகிறார்கள். ஒலி ஒன்றே, சொல் இரண்டு. முன்னது போடிமெட்டுக்கு அப்பால், பூப்பாறையிலும் உடும்பன்சோலையிலும் மரநிழலில் விளையும் நறுமணப் பயிரின் பழந்தமிழ்ப் பெயர். பின்னது போர்ச்சுக்கீசியரோடு கடல் கடந்து வந்த 'லெயிலாவ்' என்னும் சொல்லின் தமிழ் வடிவம். சாவியும் அலமாரியும் மேசையும் பாதிரியும் அவ்வழி வந்தவையே.

அச்சொற்களைச் சுமந்து வந்த கப்பல்களுக்கு வழிகாட்டியவர் யார்? வாஸ்கோ ட காமா என்று பள்ளிப்பிள்ளையும் சொல்லும். ஆனால் காமா படைத்தலைவர், வழியறிந்தவர் அல்லர். 1497 ஜூலை 8ஆம் நாள் லிஸ்பனைவிட்டுப் புறப்பட்ட அக்கப்பல்களின் தலைமை மாலுமி பேரோ டி அலெங்கேர். 1488இல் பார்த்தொலொமேயு டயசுடன் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவந்த அனுபவசாலி அவர். எனினும் அம்முனைக்குச் சற்று அப்பாலேயே அவரது அறிவின் எல்லை முடிந்தது. மொசாம்பிக்கில் பெற்ற வழிகாட்டிகள் மொம்பாசாவில் கடலில் குதித்துத் தப்பினர். இறுதியில் மலிந்தி மன்னர் ஒரு மாலுமியைத் தந்தார்.

1498 ஏப்ரல் 24ஆம் நாள் மலிந்தியை விட்டனர். தென்மேற்குக் காற்று பாயை நிறைத்தது. மே 18ஆம் நாள் மலபார்க் கரையின் உயர்ந்த மலைகள் கண்ணுக்குத் தென்பட்டன. 20ஆம் நாள் கோழிக்கோட்டை ஒட்டி நங்கூரம் பாய்ச்சினர். நம் ஏலமலைக்கு வடக்கே நீளும் அதே தொடரின் முகடுகளைத்தான் அவர்கள் முதலில் கண்டனர்.

அந்த மாலுமியின் பெயர் என்ன? கப்பலில் இருந்த ஒருவர் எழுதிய நாட்குறிப்பு, அவரைக் கிறிஸ்தவர் என்கிறது. கோழிக்கோட்டில் இந்துக் கோயிலையே தேவாலயம் என்றெண்ணி வணங்கியவர்களின் கூற்று இது. பெரிதாகக் கொள்ள வேண்டியதில்லை. பிற்காலப் போர்ச்சுக்கீசிய வரலாற்றாசிரியர் பாரோஸ், அவர் குஜராத்தைச் சேர்ந்த இசுலாமியர் என்றும் 'மலேமோ கானா' என்றும் குறிப்பிடுகிறார். புகழ்பெற்ற அரபுக் கடலறிஞர் இப்னு மாஜித்தே அவர் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. இன்றைய அறிஞர் பலர் அதை ஏற்பதில்லை. 'மலேமோ' என்பது ஆசிரியர் எனப் பொருள்படும் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல். நம் 'மாலுமி'யும் அதிலிருந்து வந்ததே. 'கானா' என்பதோ கணிப்பவர் என்னும் பொருளுடையது என்பர். ஆகவே நமக்குக் கிடைத்திருப்பது பெயரன்று, தொழில் மட்டுமே.

காமா தம் விண்மீன் கருவியைக் காட்டியபோது அவர் வியப்படையவில்லை என்றும், தாம் பயன்படுத்தும் பலகைக் கருவியை விளக்கினார் என்றும் பாரோஸ் எழுதுகிறார். சிறு மரப்பலகையும் முடிச்சிட்ட கயிறும் கொண்டு துருவ விண்மீனின் உயரத்தை அளக்கும் முறை நம் சோழமண்டலக் கரையிலும் இருந்தது, 'இராப்பலகை' என்றனர்.

ஸ்பெயின் நாடு இத்தொழிலைப் பதவியாகவே ஆக்கியது. 1508இல் அமெரிகோ வெஸ்புச்சியைச் செவில் நகரில் முதல் தலைமை மாலுமியாக அமர்த்தியது. மாலுமிகளைத் தேர்வு செய்து உரிமம் வழங்குவதும், அரசின் மூல வரைபடத்தைத் திருத்திக் காப்பதும் அவர் பணி. அவர் பெயரை இரு கண்டங்கள் தாங்குகின்றன! மலிந்தி மாலுமிக்கு ஒரு பாறைகூட இல்லை.

பருவக்காற்று எவரையும் பொருட்படுத்துவதில்லை. 1541இல் லிஸ்பனிலிருந்து புறப்பட்ட புனித சவேரியாரும் காற்றுக்காக மொசாம்பிக்கில் மாதக்கணக்கில் காத்திருந்து, 1542 மே மாதத்திலேயே கோவாவை அடைந்தார். காமாவோ காத்திருக்கவில்லை. 1498 அக்டோபர் 5ஆம் நாள் அஞ்சுதீவிலிருந்து திரும்பினார். ஒரு மாதத்திற்கும் குறைவான நாட்களில் கடந்த அதே கடல், இப்போது ஏறத்தாழ மூன்று மாதங்களை விழுங்கியது. ஈறு வீங்கி முப்பது பேர் மாண்டனர். 1499 ஜனவரி 2ஆம் நாள் ஆப்பிரிக்கக் கரை தெரிந்தபோது, ஒவ்வொரு கப்பலிலும் வேலை செய்யத்தக்கவர் ஏழெட்டுப் பேரே.

மூன்று கப்பல்களைச் செலுத்த ஆளில்லை. மொம்பாசாவுக்குத் தெற்கே ஒன்றை எரித்தனர். அதன் பெயர் 'சாவ் ரஃபேல்'. அசரியா என்று வேறு பெயர் சொல்லி, தோபியாவுக்கு வழித்துணையாய் நடந்த அதிதூதர் இரபேலின் பெயர் அது.