பயறுவகை விதை: தோல், தழும்பு, துளை

ஆரணி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டுப்புடவை. தறிச் சத்தம் ஓய்ந்து ஊர் எல்லை தாண்டியதும் கண்ணில் படுவது நெல்லும் நிலக்கடலையும். வடமாவட்ட வழக்கில் மல்லாட்டை எனப்படும் இந்தக் கடலை, பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் குடும்ப வழக்கத்துக்கு அடங்காதது.

வழக்கத்தை அறிய ஊறவைத்த மொச்சை போதும். விளிம்பில் வெள்ளைப் பட்டையாகத் தெரியும் இடத்தில்தான் விதை காயோடு காம்பால் ஒட்டியிருந்தது. காம்பு விட்ட வடுவே விதைத்தழும்பு. அதையொட்டி ஊசிமுனை அளவில் சூல்துளை இருக்கும். ஊறிய விதையை மெல்ல அழுத்தினால் அங்கே நீர்த்துளி கசியும். தோலை உரித்தால் தடித்த இரண்டு வித்திலைகள், அவற்றிடையே முளைவேரும் முளைக்குருத்தும். உணவு முழுவதும் வித்திலைகளில் இருப்பதால்தான் துவரையும் உளுந்தும் பருப்பாக இரண்டாய் உடைகின்றன. வெந்தயம் இதற்கு விலக்கு: அதில் வித்திலைகளைச் சுற்றி முளைசூழ்தசை தங்கிவிடுகிறது. ஊறினால் வரும் வழவழப்பு அதனுடையது.

தழும்பைப் பார்த்தே பயறை அடையாளம் சொல்லலாம். பச்சைப்பயறில் அது தட்டையான வெள்ளைக் கோடு. உளுந்தில் ஓரம் எழும்பி நடுவில் குழிந்திருக்கும். வெள்ளைக் காராமணியில் அதைச் சுற்றிக் கறுப்புக் கண். புளியங்கொட்டையின் இரு பக்கங்களிலும் வேறொரு குறி உண்டு, வரம்பு கட்டியதுபோல ஒரு வட்டம். கருவேலம், சவுண்டல் விதைகளிலும் அத்தகைய கோடு தெரியும்.

இவற்றில் பலவற்றின் தோல் நீரையே உள்ளே விடாது. குச்சிகளை நெருக்கி நிறுத்தியதுபோல் தடித்த செல்கள் மேலடுக்கில் அணிவகுத்திருப்பதே காரணம். சவுண்டல் விதையை வெந்நீரில் நனைத்து விதைப்பது இந்த அடுக்கைத் தளர்த்தத்தான்.

நிலக்கடலைக்கோ அந்தக் கவசம் இல்லை. பூ கருவுற்றபின் விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய்ப்பதால், காவல் வேலையை ஓடு ஏற்றுக்கொள்கிறது. விதைத்தோல் செந்நிறக் காகிதமாக மெலிந்துவிட்டது. கூர்ந்து பார்த்தால் தழும்பிலிருந்து விரியும் வெளிர் நரம்புகள் தெரியும். சுண்ணாம்புச் சத்தைக் காய் மண்ணிலிருந்து நேரடியாக உறிஞ்சுகிறது. அது குறைந்தால் காய் பொக்காகும், முளைக்குருத்து கருகும். பூக்கும் பருவத்தில் ஜிப்சம் இட்டு மண் அணைப்பது அதற்காகவே.

மெலிந்த தோலுக்கு விலையும் உண்டு. தோல் கிழிந்த பருப்பில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை எளிதில் புகுந்து அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். கொத்துக்கடலை எனப்படும், கொத்தாக வளரும் நிலக்கடலை ரகங்களுக்கு உறக்கநிலையும் கிடையாது. அறுவடையில் மழை பிடித்தால் செடியிலேயே முளை கட்டிவிடும். பழைய வட ஆற்காட்டின் குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து தேர்ந்தெடுத்து 1940-இல் வெளியான டி.எம்.வி. 2 ரகமும் அந்த வகைதான். விதைக்கடலையைக் காயாகவே சேமித்து, விதைப்புக்குச் சற்று முன்பு உடைப்பார்கள். உடைக்கும்போது மூக்கு முறிந்தால் போயிற்று: முளைவேர் இருப்பது அங்கேதான்.