குழந்தையின் காய்ச்சலும் பெற்றோரின் அச்சமும்

குழந்தையின் உடல் சற்றே சுட்டாலும் வீடு முழுவதும் கலங்கிவிடுகிறது. மாணவ நண்பர்களே, அக்கலக்கத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. அதனையே இன்று உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கில மருத்துவர் தாமஸ் சிடனாம், காய்ச்சல் என்பது நோயை விரட்ட இயற்கை கைக்கொள்ளும் கருவி எனக் கருதினார். ஆயினும் அம்மை நோயும் தொண்டை அடைப்பானும் தொட்டிற் பிள்ளைகளை வாரிச் சென்ற அக்காலத்தில், எந்தத் தாய்க்கு அது ஆறுதலாயிருந்திருக்கும்? அவள் அஞ்சியது சூட்டையன்று. சூட்டின் பின்னே வரும் நோயை.

அச்சம் எண்ணாக மாறியது பின்னரே. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் உண்டர்லிக் ஏறத்தாழ 25,000 நோயாளிகளின் உடல் வெப்பத்தை அளந்து, 1868-இல் ஒரு பெருநூலை வெளியிட்டார். 37 டிகிரி செல்சியஸ் என்னும் அளவு அவரால் நிலைபெற்றது. காய்ச்சல் நோயன்று, நோயின் அறிகுறியே என்பதும் அவர் உழைப்பால் தெளிவாயிற்று. ஆனால் அவருடைய வெப்பமானி ஏறக்குறைய ஓரடி நீளம்! அதே காலத்தில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகர மருத்துவர் கிளிஃபர்ட் ஆல்பட், ஆறங்குல வெப்பமானியை உருவாக்கினார். சட்டைப்பைக்குள் அடங்கிய அக்கருவி, காலப்போக்கில் வீட்டிற்குள்ளும் புகுந்தது. உண்டர்லிக்கின் தெளிவு உடன் வரவில்லை. எண் மட்டுமே வந்தது என்பேன்.

1899-இல் ஆஸ்பிரின் விற்பனைக்கு வந்தது. சூட்டைத் தணிக்க இயலும் என்றானதும், தணித்தே தீரவேண்டும் என்றாயிற்று. 1963-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் டக்ளஸ் ரே, குழந்தைகளின் மூளையையும் ஈரலையும் தாக்கும் ஒரு கொடிய நோயை விவரித்தார். இன்ஃபுளுயன்சாவோ சின்னம்மையோ கண்ட குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுப்பதோடு அந்நோய்க்குத் தொடர்புண்டு என்பது 1980-களில் புலனாயிற்று. அதன்பின் குழந்தைகளின் காய்ச்சலுக்கு அம்மருந்து கைவிடப்பட்டது.

1980-இல் அமெரிக்க மருத்துவர் பார்ட்டன் ஷ்மிட் 81 பெற்றோரை வினவினார். 40 டிகிரிக்கு மேற்படாத காய்ச்சலும் மூளை, நரம்புகளுக்குக் கேடு விளைக்கும் என நம்பினோர் 52 விழுக்காட்டினர். இதற்கு அவர் 'காய்ச்சல் பேரச்சம்' என்று பெயரிட்டார். உண்மையில், தொற்றால் வரும் காய்ச்சலின் உச்சத்தை மூளையே கட்டுப்படுத்துகிறது. அது 41 டிகிரியைத் தாண்டுவது அரிது. வெயிலின் தாக்குதலால் ஏறும் சூடு வேறு வகை. அதற்கு அக்கட்டுப்பாடு இல்லை. நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலின்போது வலிப்பு வருவதுண்டு. பெரும்பாலும் அது தீங்கின்றி நீங்கிவிடும். எனினும், தன் மடியிலே குழந்தை வலிப்புற்றுத் துடிக்கக் கண்டவரைப் பேதையர் என எவரும் எள்ளலாகாது.

அவ்வாறாயின் எதற்கு அஞ்சவேண்டும்? மூன்று மாதம் நிரம்பாத சிசுவுக்கு 38 டிகிரி கண்டாலே மருத்துவரிடம் விரையவேண்டும். அதனின் மூத்த குழந்தைக்கோ, எண்ணைக் காட்டிலும் முகமே முதன்மை: பால் குடிக்கிறதா, மூச்சுத் திணறுகிறதா, எழுப்பினால் விழிக்கிறதா? நம் நாட்டில் மழைக்காலந்தோறும் பரவும் டெங்குவை எண்ணிப் பாருங்கள். அந்நோயில் அபாயம் பெரும்பாலும் தலைகாட்டுவது, சூடு தணியத் தொடங்கும் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள். வெப்பமானி இறங்கிவிட்டதே என்று வீட்டார் நிம்மதியுறும் வேளையிலேதான் வயிற்று வலியும், ஓயாத வாந்தியும், கைகால் சில்லிடுதலும் தோன்றுகின்றன.